படத்தின் பின்பக்கம்

எங்களிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படத்தில் பூட்டன் கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் முன் நிற்கிறார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. பின்னால் ஹப்பக் வடிவமைத்த குடைமாடங்கள். நிலையம் 1910இல் திறக்கப்பட்டது என்பதால் படம் அதற்குப் பிந்தியது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் வேலை பார்க்கக் கப்பலேறிய காலம். மலாயாக் காசில் ஊரில் கல்வீடுகள் எழும்பின.

இரண்டாவது படம் ஸ்டூடியோவில் எடுத்தது. தீட்டிய திரைக்கு முன் நாற்காலியில் பூட்டி. பக்கத்தில் ஓர் இளம்பெண். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பது பூட்டனின் பெயர் மட்டும்.

டொரன்டோவில் இவற்றை ஸ்கேன் செய்தபோது தேதியையும் அளவையும் கணினி தானாகவே பதிந்துகொண்டது. கட்டடத்தின் வயதை யாரும் தேடி எடுத்துவிடலாம். அந்தப் பெண்ணை அறிந்தவர் 88 வயதுப் பெரியம்மா ஒருவர்தான். வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிக் கேட்டேன்.

"தம்பி, அது அம்மம்மான்ர தங்கச்சி. அம்மா பிறக்கேக்க பிள்ளைப்பேறு பார்க்கக் கப்பல்ல போனவ. அங்கயே காய்ச்சல்ல மோசம் போயிட்டா."

பெயரையும் சொன்னார். அவர் கைகளில் வளர்ந்த அந்தக் குழந்தை என் அம்மம்மா. எங்கள் வம்சாவளித் தாளில் இந்தப் பெண்ணுக்கு இதுவரை இடமே இருக்கவில்லை.

ஸ்கேன் செய்வதை அடுத்த வருடமும் செய்யலாம். பெரியம்மாக்களிடம் இந்த ஞாயிறே கேட்டுவிடுங்கள்.