நோட்டில் ஏறாத மணிகள்

ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் பேசினார்.

''சார், எங்க யூனிட் ஆண்டு விழா. நீங்கதான் சீஃப் கெஸ்ட். சிறந்த தொண்டர் ஷீல்டை உங்க கையால கொடுக்கணும். நீங்களும் காலேஜ்ல ஷீல்டு வாங்கினவராமே... பசங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்!''

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றுக்குள் என்னமோ செய்தது.

ஷீல்டு வாங்கினது நிஜம். என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இன்னமும் இருக்கிறது. மரக்கட்டையில் பித்தளைத் தகடு, நடுவில் அந்தச் சக்கரம். 'சிறந்த தொண்டர்' என்று பொறித்து, கீழே என் பெயர். 27 வருஷமாக வீடு மாறும்போதெல்லாம் கூடவே வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ''அட, நீங்க இதெல்லாம் பண்ணியிருக்கீங்களா!'' என்பார்கள். ''அது ஏதோ அந்தக் காலத்துல...'' என்று அடக்கமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் அடக்கத்தைவிட, பேச்சை மாற்றுகிற அவசரம்தான் அதிகம்.

காரணம், அது என்னுடைய ஷீல்டு இல்லை.

என்.எஸ்.எஸ்-ஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். 1969 செப்டம்பர் 24. காந்தி நூற்றாண்டு சமயத்தில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பமான திட்டம் இது. தொடங்கிவைத்தவர் அப்போதைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி.ராவ். பொருளாதார நிபுணர். அதனாலோ என்னவோ, இந்தத் திட்டத்தில் கணக்கு பக்காவாக இருக்கும். வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை. கூடவே, ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். இதெல்லாம் முடித்தால் சான்றிதழ். சின்னம், கோனார்க் சூரியன் கோயில் தேர்ச் சக்கரம். அதிலுள்ள எட்டு ஆரங்களும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்நேரமும் சேவைக்குத் தயார் என்று அர்த்தம். கொள்கை வாசகம், 'நான் அல்ல, நீ'.

அப்படிப்பட்ட திட்டத்தில், 'நான்தான்' என்று பெயர் பொறித்த ஷீல்டை வாங்கியவன் நான்.

1998. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. நான் பி.காம். இரண்டாம் வருஷம். திருமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில் முகாம் போட்டோம். பள்ளிக்கூடத்தில் தங்கல். ஊர் ஊரணி முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டி, வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். ஐம்பது பேர் போனோம்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதோடு, கணக்குப்பதிவியல் படிக்கிறவன் வேறு. அதனால் வருகைப் பதிவு நோட்டை என்னிடம் கொடுத்தார் எங்கள் சார். யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று எழுதுவது என் பொறுப்பு. முகாம் அறிக்கை எழுதுவதும் நான்தான். நோட்டைக் கையில் வைத்திருப்பவன் அரிவாளைத் தொட வேண்டியதில்லை என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. புளியமரத்து நிழலில் உட்கார்ந்து பெயர்களை அழகாக வரிசைப்படுத்தினேன். இரண்டரை மணி நேரம் நடந்த வேலையை என் பெயருக்கு எதிரே மட்டும் மூன்று என்று 'ரவுண்ட்' செய்துகொண்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

எங்கள் கும்பலில் ஒருவன் இருந்தான். நாங்கள் அவனை 'மம்பட்டி' என்று கூப்பிடுவோம். மண்வெட்டி அவன் கையைவிட்டு இறங்காது. விடியற்காலையில் எழுந்து, அடிபம்பில் அடித்து டிரம்மை நிரப்பி வைத்திருப்பான். யார் காலில் முள் குத்தினாலும் ஊக்கோடு முன்னால் வந்து உட்காருவான். பேசத் தெரியாது. மேடை என்றால் தொடை நடுங்கும். சாயங்காலம் ஒரு பரோட்டா கடையில் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தான். அதனால் மற்ற நாட்களில் கல்லூரியில் நடக்கும் என்.எஸ்.எஸ். வேலைகளுக்குப் பல சமயம் வர முடியாது. என் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே கோடுகள் அதிகம்.

முகாம் முடிந்தது. நிறைவு விழா, போட்டோ, கேசரி. அவ்வளவுதான், அந்த ஊரை நாங்கள் மறந்தோம்.

ஒரு திங்கட்கிழமை மம்பட்டி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

''என்னடா இது?''

''நேத்து அந்த ஊருக்குப் போயிருந்தேன். சீமைக்கருவேலம் சும்மா வெட்டிவிட்டா திரும்பத் துளிர்த்துரும்டா. வேரோட தோண்டணும். ஊர்க்காரப் பயலுக நாலு பேரு சேர்ந்தானுங்க.''

அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்த ஞாயிறும். பஸ் காசு அவனுடையது. மொத்தம் எட்டு ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம்.

வருஷக் கடைசியில் கணக்கை முடிக்கும்போது என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். ''டேய்... அந்த ஞாயித்துக்கிழமை போனதை நோட்டுல ஏத்தலாமா?''

''அது அஃபிஷியல் இல்லடா. சார் யாரும் கூட வரலையே!'' என்றேன்.

''ஆமால்ல'' என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நோட்டில் அவனுடைய மொத்தம் 211 மணி. 211-ஐயும் 32-ஐயும் கூட்ட பி.காம். படித்திருக்க வேண்டியதில்லை. 243 வரும். சாரிடம் போய் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நல்ல மனுஷர், ஒப்புக்கொண்டிருப்பார். நான் சொல்லவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது. அந்த எட்டு ஞாயிறு நோட்டில் ஏறினால், புளியமரத்து நிழலில் நான் எழுதிய 262-ஐ யாராவது உற்றுப் பார்ப்பார்கள்.

எனக்கு ஷீல்டு. அவனுக்குச் சான்றிதழே இல்லை. விழாவில் கடைசி வரிசையிலிருந்து விசில் அடித்துக் கைதட்டினான், பாவி.

யாருக்கு எதற்காக விருது கொடுப்பது என்பது அத்தனை சுலபமான சமாச்சாரம் இல்லை. இளைஞர்களை வளர்க்கிறேன் என்று கிளம்பிய எல்லா இயக்கங்களும் இந்த இடத்தில் யோசித்திருக்கின்றன. 1907-ல் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் சிறுவர்களை வைத்து முகாம் நடத்தினார் பேடன் பவல். அதிலிருந்து வளர்ந்த சாரணர் இயக்கத்தில் பேட்ஜ்கள் உண்டு. முதலுதவி தெரியுமா? இந்தா பேட்ஜ். பக்கத்துப் பையனுக்கும் தெரியுமா? அவனுக்கும் ஒன்று. நம் நாட்டுச் சாரணர்கள் ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று படிப்படியாக ஏறுகிறார்கள். தகுதி பெற்ற எல்லோரும் ஏறலாம்.

1956-ல் பிரிட்டனில் இளவரசர் பிலிப் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதும் அப்படித்தான். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். ஒலிம்பிக் மாதிரி தெரியும். ஆனால், யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. நேற்றைய உன்னை இன்றைய நீ தாண்டினால் போதும்.

'ஒருத்தருக்கு மட்டும்' என்கிற விருது வேறு ஜாதி. அதுவும் வேண்டும்தான். தேசிய அளவில் 1993-94 முதல் என்.எஸ்.எஸ். விருதுகள் கொடுக்கிறார்கள். 2022 செப்டம்பர் 24 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 42 விருதுகளை வழங்கினார். எங்கோ ஒரு சின்ன ஊரில் மரம் நட்ட பெண், ரத்ததான முகாம் நடத்திய பையன் ஜனாதிபதி மாளிகையின் படியேறுவது லேசான விஷயமா? அந்தப் போட்டோவைப் பார்த்து இன்னும் நாலு பேர் மண்வெட்டி எடுப்பார்கள். விருது தப்பே இல்லை. விருதுக்கு ஆள் தேடும்போது நோட்டை மட்டும் பார்ப்பதுதான் தப்பு. ஏனென்றால், நோட்டை எழுதுவது என்னை மாதிரி ஆள்.

விழாவுக்கு முந்தின ராத்திரி மம்பட்டிக்கு போன் செய்தேன். அவன் பெயர் என் போனில் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வாழ்த்துச் செய்தி, அவ்வளவுதான் எங்கள் பழக்கம். குட்டி யானை ஒன்று சொந்தமாக ஓட்டுகிறான்.

தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். நோட்டு, ரவுண்டிங், 211, எல்லாவற்றையும்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

''எம்.காம். அப்ளிகேஷன்ல என்.எஸ்.எஸ். சான்றிதழ் இருக்கானு ஒரு கட்டம் இருந்துச்சுடா'' என்றான். ''அதுல கோடு போட்டேன். அப்ப கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு.'' அப்புறம் அவனே சிரித்தான். ''அது கெடக்கட்டும். அந்த ஊரணில இப்ப தண்ணி நிக்குதா?''

எனக்குத் தெரியவில்லை. 27 வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஷீல்டு மட்டும் தட்டில் பளபளவென்று இருக்கிறது.

மறுநாள் விழாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போனேன். திட்ட அலுவலரிடம், ''மேடம், ஒரு சின்ன வேண்டுகோள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கலாமா?'' என்றேன். ''முகாம்ல யாரும் பார்க்காதப்ப வேலை செஞ்சது யாருன்னு எழுதச் சொல்லுங்க. எழுதறவங்க பேர் வேண்டாம்.''

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். ''செய்யலாமே சார்.''

ஷீல்டை நான் கொடுத்த மாணவி அதற்குத் தகுதியானவர்தான். சீட்டுகளிலும் அவர் பெயர் நிறைய வந்தது. ஆனால், அவரோடு இன்னும் பதினோரு பெயர்கள் வந்தன. முகாமில் தினமும் கழிப்பறை கழுவிய பையன். ராத்திரி காய்ச்சல் வந்தவளுக்கு விடிய விடியத் துணி நனைத்துப் போட்ட பெண். நாலு சீட்டில், சமையலுக்கு வந்த ஊர்க்கார அம்மாவை எழுதியிருந்தார்கள். மேடத்துக்கே பாதி விஷயம் புதுசு. ஒவ்வொரு பெயராக மைக்கில் படித்தார். ஷீல்டு இல்லை, பொன்னாடை இல்லை, வெறும் பெயர்கள். எழுந்து நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

என் முறை வந்தது. இன்ஸ்பிரேஷன் கதை சொல்லக் கூப்பிட்டவர்களிடம், இங்கே உங்களிடம் சொன்ன இதே கதையைச் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கணக்குப்பதிவியலில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற விதி ஒன்று உண்டு. 'பெறுபவர் கணக்கில் பற்று வை. தருபவர் கணக்கில் வரவு வை.' பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கினேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தருபவன் கணக்கில் வரவு வைக்க மறந்தேன். இல்லை, மறைத்தேன்.

டீ குடிக்கும்போது, ஒல்லியாக ஒரு பையன் மேடத்தின் பக்கத்தில் வந்து நின்றான். கையில் நீளமான நோட்டு.

''மேம்... நான்தான் அட்டென்டன்ஸ் எழுதறேன். இதுல ஒருத்தனுக்கு மணி குறைச்சலா இருக்கு. அவன் லீவு நாள்ல ஸ்கூல் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனான். நீங்க வரலைனு நான் ஏத்தலை. இப்ப ஏத்தலாமா?''

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு, பேனாவை எடுத்தார். ''அந்த ஸ்கூல் ஹெச்.எம்-கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். நீ எழுதுப்பா. நான் கையெழுத்துப் போடறேன்.''

இத்தனை வருஷத்தில் எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேனா மூடியைத் திறந்த சத்தம் மாதிரி ஒன்று காதில் விழுந்ததில்லை.

வெளியே வந்ததும் மம்பட்டிக்கு போன் போட்டேன்.

''ஞாயித்துக்கிழமை ஃப்ரீயாடா? அந்த ஊரணிக்குப் போவோமா?''

''வண்டியிலயே போயிருவோம். காலைல அஞ்சரைக்கு நில்லு.''

''டேய்... அந்த ஷீல்டை எடுத்துட்டு வரட்டுமா? அது உன்னோடதுடா.''

''அது எதுக்குடா அங்க?'' என்றான். ''ஒரு மம்பட்டி எடுத்துட்டு வா. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.''