மண்ணுக்கும் வில்லங்கம்

பென்சில்வேனியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் போனில் கேட்டீர்களே, "சுத்தம் பண்ணப் பணம் கொடுத்தால் சரி. அழுக்கா இல்லையா என்று பார்ப்பதற்கேவா அரசாங்கம் பணம் கொடுக்கும்?" என்று. கொடுக்கிறது அப்பா. அதற்கு எங்கள் நகராட்சி சார்பில் விண்ணப்பம் எழுதுவதுதான் இரண்டு மாதமாக என் வேலை. போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நம் மனையை வாங்குமுன் சார்பதிவாளர் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தீர்கள்! முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, அப்புறம்தான் அட்வான்ஸ் கொடுத்தீர்கள். இங்கே மண்ணுக்கே வில்லங்கம் பார்க்கிறோம். முதல் கட்டத்தில் யாரும் தோண்டுவதில்லை. பழைய ஆவணங்களைப் புரட்டுவது, இடத்தைச் சுற்றி வருவது, விவரம் தெரிந்தவர்களிடம் பேசுவது, அவ்வளவுதான். சான்போர்ன் என்றொரு கம்பெனி அந்தக் காலத்தில் தீ இன்சூரன்சுக்காக ஊர் ஊராக வரைபடம் போட்டிருக்கிறது. எந்தக் கட்டடம் செங்கல், எது மரம், பெட்ரோல் டேங்க் எங்கே என்று எல்லாம் அதில் உண்டு. மூடிக்கிடக்கும் எங்கள் ஊர்ப் பட்டு மில்லில் சாயம் போட்ட இடம் எந்த மூலை என்று அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. சந்தேகம் வந்தால் இரண்டாம் கட்டம்: துளை போட்டு, மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். இன்னொரு வேடிக்கை, முதல் கட்ட அறிக்கைக்கு ஆயுள் குறைவு. நூற்று எண்பது நாள் தாண்டினால் சில பகுதிகளைத் திரும்பப் பார்க்கவேண்டும்.

இதற்கு அரசாங்கம் ஏன் வரவேண்டும்? நயாகரா பக்கத்தில் லவ் கனால் என்ற இடத்தில் ரசாயனக் கழிவைப் புதைத்து, மேலே பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் கட்டினார்கள். 1978-இல் அந்த விவகாரம் வெடித்தது. 1980-இல் கடுமையான சட்டம் வந்தது. கெடுத்தவனோடு, பிறகு அந்த நிலத்தை வாங்கினவன் தலையிலும் செலவு விழலாம் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்கப்புறம் பழைய மில் நிலத்தை யாரும் தொடவில்லை, பாங்கும் கடன் தரவில்லை. உள்ளே விஷம் இருக்கிறதோ இல்லையோ, இருக்குமோ என்ற பயமே போதுமாக இருந்தது. தன்னுடையதாகாத நிலத்தைச் சோதிக்க எவன் கைக்காசு போடுவான்?

அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இந்த நிதி. மத்திய சுற்றுச்சூழல் முகமை இதை 1995-இல் ஒரு திட்டமாகத் தொடங்கியது. வாங்குமுன் முறையாக விசாரித்தவனுக்கு 2002-இல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 2021-இல் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நாடு முழுக்க இப்படி நாலரை லட்சம் இடங்களுக்கு மேல் இருக்கும் என்பது முகமையின் கணக்கு, அதனால் போட்டி கடுமை. எங்களைப் போன்ற ஊர் 5 லட்சம் டாலர் வரை கேட்கலாம். எனக்குப் பிடித்த விதி, நிலத்தைக் கெடுத்தவனுக்கு இதில் பங்கில்லை.

குறையும் உண்டு. விலைபோகும் நிலம் என்றால் அறிக்கை கையில் வந்ததும் ஆள் வந்துவிடுகிறான். பக்கத்து பெத்லகேமில் 1995-இல் உலை அணைந்த எஃகு ஆலை இருந்த இடத்தில் இன்று சூதாட்ட விடுதியும் கச்சேரி அரங்கும் இருக்கின்றன. எங்கள் ஊரில் ஆற்றோரம் ஏழைகள் குடியிருக்கும் பக்கத்து நிலத்துக்கு அறிக்கை வந்தும் அலமாரியில்தான் தூங்குகிறது. இதை விண்ணப்பத்தில் எழுத முடியாது, உங்களிடம் சொல்கிறேன்.

நம் ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலையாய்க் கிடக்கிறதே, அந்த ஊர் 2006-இலேயே உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் வந்துவிட்டது. டெல்லியும் மாசடைந்த நிலங்களுக்கென்று 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அங்கேயும் முதலில் மதிப்பீடுதான்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இங்கே மில்லில் வேலை பார்த்த கிழவர்களைத் தேடி நாங்கள் அலைகிறோம், பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீங்கள் தோல் ஷாப்பில் கணக்கு எழுதிய காலத்தில் கழிவு லாரி எங்கே கொட்டியது, எந்தக் கிணற்றில் முதலில் தண்ணீர் மஞ்சளானது, எந்த வருஷம் என்பதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவிடம் போன வருஷக் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் வரைந்து வையுங்கள். அளவெல்லாம் வேண்டாம், வேப்பமரத்தைக் குறித்தால் போதும்.

உங்கள் அன்பு மகள்