கெதியாப் பதில் சொல்லும் கொம்பைலர்

கொம்பைலர் எண்டால் எல்லாரும் முதலில் கேட்பது, அது கட்டித் தரும் புரோகிராம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதுதான். நாங்கள் வேறொன்றைக் கேட்கப் பழகிவிட்டோம்: எழுதினது சரியோ பிழையோ எண்டு அது எவ்வளவு கெதியாச் சொல்லும்?

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் நின்றது. நாங்கள் நாலு பேர். எங்களிடம் இருந்தது ஒரு பழைய லப்டொப். அதின்ர பற்றரி முக்கால் மணித்தியாலம் தாங்கும். சி மொழியில் எழுதின ஒரு விளையாட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சுக்கொண்டிருந்தோம். எல்லாக் கோப்பும் பாவிக்கிற ஒரு ஹெடரில் ஒரு வரியைத் தொட்டால் போதும், முழுவதையும் திரும்பக் கட்டவேணும். ஜிசிசியில் அதுக்கு நாலு நிமிஷம். கணக்குப் பார்த்தால், பற்றரி சாகமுதல் பதினொரு தடவை.

பதினொரு தடவைதான் எண்டால் ஒருத்தரும் சும்மா ஒண்டை மாத்திப் பார்க்கத் துணிய மாட்டினம். எங்களுக்குள் கெட்டிக்காரர் ஆரோ, அவரின்ர கையில்தான் கீபோர்ட். மற்ற மூன்று பேரும் பக்கத்தில் இருந்து பார்ப்பினம்.

அப்பதான் டைனி சி கொம்பைலருக்கு, அதாவது டிசிசிக்கு மாறினோம். பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெல்லார் எழுதத் தொடங்கியது. அதே விளையாட்டு அரை நிமிஷத்துக்குள் கட்டுப்பட்டது.

மந்திரம் ஒண்டும் இல்லை. ஜிசிசி உங்கட கோட்டை வாசித்து, தனக்குள் வேறு வடிவத்துக்கு மாற்றி, அதைத் திரும்பத் திரும்ப அலசி மெருகேற்றும். அந்த மெருகை நிற்பாட்டிவிட்டு ஓடவிடலாம்தான்; அப்பவும் டிசிசி பல மடங்கு கெதி. ஏனெண்டால் அது ஒரே ஓட்டமாய் வாசிக்க வாசிக்கவே இயந்திர மொழியை எழுதிக்கொண்டு போகும். திரும்பிப் பார்க்காது. 2004இல் பெல்லார், 2.4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 இயந்திரம் ஒன்றில் லினக்ஸ் கேர்னலை மூலக் கோட்டில் இருந்து 15 செக்கனுக்குள் கட்டிக் காட்டினார்.

இது புது யோசனையும் இல்லை. 1983இல் வந்த டர்போ பஸ்கால் 40 கிலோபைட்டுக்கும் குறைவு. எடிட்டரும் கொம்பைலரும் அதுக்குள்ளேயே. விலை 49.95 டொலர். வீட்டுக் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்களும் எழுது, கட்டு, பார் எண்டு இருந்த இடத்திலேயே பழகினார்கள். பஸ்காலை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் தன்ர கொம்பைலர்களுக்கு ஒரு கறாரான சோதனை வைத்திருந்தார். ஒரு மெருகைச் சேர்த்தபிறகு கொம்பைலர் தன்னைத்தானே கட்ட எடுக்கும் நேரம் குறைய வேணும். குறையாவிட்டால் அந்த மெருகு வேண்டாம்.

இதுக்கு விலையும் உண்டு. டிசிசி கட்டின விளையாட்டு எங்கட லப்டொப்பில் திக்கித் திக்கித்தான் ஓடினது. சி++ அதுக்குத் தெரியாது. ஆருக்கும் குடுக்கப் போறம் எண்டால், கறண்ட் வந்தபிறகு ஜிசிசியால் ஒருக்காக் கட்டுவோம். ஓடுகிற நேரம் பாவிக்கிறவருக்கு. அதில் கஞ்சத்தனம் சரியில்லை. ஆனால் படிக்கிற ஆள் ஒரு பின்னேரத்தில் நூறு தரம் கட்டுவார்; கட்டினதை ஓடவிட்டுப் பார்ப்பது ஒரு செக்கன், இரண்டு செக்கன். அவருடைய நேரம் முழுக்கப் போவது காத்திருப்பில்.

டிசிசி வந்தபிறகு கீபோர்ட் கை மாறத் தொடங்கியது. "இந்த எண்ணை மாத்தினா என்ன நடக்கும்?" எண்டு இவ்வளவு நாளும் வாய் திறக்காத ஆளே கேட்டார். முதலில் எண்டால் அந்தக் கேள்விக்கு நாலு நிமிஷம் பற்றரி போகும். இப்ப, "மாத்திப் பாரன்" எண்டு சொல்ல முடிந்தது.

பழைய கொம்பியூட்டர்களை வைத்துக்கொண்டு தம்பி தங்கச்சிமாருக்குச் சி சொல்லிக் குடுக்கிறவர்களிடம் ஒண்டு கேட்கிறோம். முதல் மாதமாவது டிசிசியைப் போட்டுக் குடுங்கோ. வகுப்பில் ஆர் எத்தனை தரம் கட்டிப் பார்க்கினம் எண்டு எண்ணிப் பாருங்கோ.