பட்டமும் பாவும்

டாக்டர், வக்கீல், வாத்தியார் என்று சொன்னால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்கிற உத்தியோகத்துக்கு இன்னும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கிற கல்லூரிகள் மட்டும் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதனால் உண்டாகும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

தாராசுரத்தில் என் பள்ளித் தோழியின் அக்காள் இருக்கிறார். எனக்கும் அக்காதான். ஐராவதேசுவரர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. அத்தான் பட்டுத் தறி நெய்கிறவர். மூத்த பெண் அரசுப் பள்ளியில் படித்து, கணக்கில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். அவள் கையில் ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான புத்தகம். அதில் 'சைபர் செக்யூரிட்டி' என்று பொன் எழுத்து. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் உண்டாம். பணத்துக்கு அக்காள் தம் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைக்கத் தயாராயிருந்தார்.

"ஏம்மா, பத்திரிகையிலே வேலை பார்க்கிறியே, நீ சொல்லு. கம்ப்யூட்டரை யாரும் தூக்கிக்கிட்டுப் போகாம காவல் இருக்கிற வேலையா இது?" என்றார்.

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அக்காள் சொன்னதில் பாதி உண்மை. காவல்தான், பெட்டிக்கு அல்ல, அதற்குள் இருக்கும் கணக்குக்கும் குறிப்புக்கும். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை விஷமிகள் முடக்கியபோது, நோயாளிகளின் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுத வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஆபத்துகளைக் கவனித்து எச்சரிக்கவே மத்திய சர்க்கார் 2004-ல் 'செர்ட்-இன்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது.

பெண்ணுக்கு இதில் ஆசை வந்த கதை வேறு. தெருவில் ஒரு பெரியவருக்கு 'பாங்கிலிருந்து பேசுகிறேன்' என்று போன் வந்தது, ரகசிய எண்ணைச் சொன்னார், சேமிப்பு போயிற்று. 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் சொல்லலாம் என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. "அவர் அழுததைப் பார்த்தேன், சித்தி" என்றாள். அந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வேலைக்கு அஸ்திவாரம் என்ன? கம்ப்யூட்டர் உள்ளே எப்படி இயங்குகிறது, ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கிறது, நிரல் எழுதுவது எப்படி, இவற்றோடு கணிதம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்த எண்ணைக் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் ராட்சசக் கம்ப்யூட்டரும் திணறும். 1977-ல் அமெரிக்காவில் மூன்று பேர் இதை வைத்தே ஒரு பூட்டுச் செய்தார்கள். ஓர் எண் பகா எண்தானா என்று விரைவில் நிச்சயமாகச் சொல்லும் வழியை 2002-ல் கண்டுபிடித்தவர்கள், கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் இருவரும். எண்களோடு விளையாடிய ராமானுஜன் படித்த கும்பகோணம் அரசு கல்லூரி, தாராசுரத்திலிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் பஸ் ஏறினால் சில நிமிஷம்தான். மற்றப் பாடங்களில் தவறியதால் அவர் அங்கே உபகாரச் சம்பளத்தை இழந்தார் என்பதையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி வைத்தேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: முதலில் அரசின் பொறியியல் கலந்தாய்வில் பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ் கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கிடைக்காவிட்டால் அரசு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதமோ கம்ப்யூட்டர் சயன்ஸோ படித்து, பிறகு எம்.சி.ஏ. சேரலாம். பாதுகாப்புக்கென்று உள்ள தனிப் பயிற்சியும் பரீட்சைகளும் அதற்கு மேல் ஏறும் மாடி.

"ராத்திரி வேலை உண்டா?" என்று அக்காள் கேட்டார். உண்டு என்றேன். திருடன் நேரம் பார்த்து வருவதில்லை. கண்காணிக்கும் அறைகள் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கின்றன. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரவு முறை வருவது சகஜம். அக்காளின் முகம் சற்று வாடியது. பெண் மட்டும், "அப்பா தீபாவளிக்கு ராத்திரியெல்லாம் நெய்யறாரே" என்றாள்.

"அதெல்லாம் சரி, பட்டத்திலே அந்தப் பேரே இல்லேன்னா யார் வேலை கொடுப்பாங்க?" என்றார் அக்காள்.

அதுவரை வாய் திறக்காத அத்தான் தறியிலிருந்தபடியே பதில் சொன்னார்: "பாவு நல்லா இருக்கான்னு பாரு. பாவு இத்துப் போயிருந்தா முந்தியிலே எத்தனை ஜரிகை போட்டு என்ன?"

நான் அரை மணி நேரம் பேசியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அன்று சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை.

பெற்றோர்களே, கல்லூரியில் பணம் கட்டுமுன் சில கேள்விகள் கேளுங்கள். நெட்வொர்க், கணிதம், நிரல் ஆகியவற்றை எத்தனை பருவம் கற்பிக்கிறார்கள்? பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யார்? சோதனைக்கூடத்தில் பிள்ளைகள் தம் கையால் செய்கிறார்களா, வேடிக்கை பார்க்கிறார்களா? சென்ற வருஷம் படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள்? பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பழகிப் பார்க்கிறேன் என்று அனுமதியில்லாமல் பிறர் கம்ப்யூட்டருக்குள் புகாதீர்கள். 2000-ம் வருஷத்துச் சட்டப்படி அதற்கு நஷ்ட ஈடு கட்ட நேரும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் மூன்று வருஷம் வரை சிறைவாசமும் உண்டு. பூட்டைப் பற்றிப் படிக்கிறவனுக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நுழையும் வழக்கம்தான் முதல் பாடம்.