தூரம் குறைந்தால் நேரமும் குறையுமா?



திருச்சிக்கு வைத்தியத்துக்குப் போகும் நம்மவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, "சேர், கட்டுநாயக்கவா, பலாலியா?" என்பதுதான். 2025 மார்ச் 30 முதல் யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் இடையே விமானம் பறப்பதால் வந்த கேள்வி இது. கணக்குப் பாட ஆசிரியர் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் போலும்.

அண்மையில் ஒரு தம்பி, முழங்கால் வலியால் கன நேரம் இருக்க முடியாத தன் உம்மாவுக்காக இதைக் கேட்டார். "பலாலியால போனா இருபது நிமிசப் பறப்புத்தானாம் சேர்" என்றார். இருவரும் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம்.

பலாலி 9.79 பாகை வடக்கு, 80.07 பாகை கிழக்கு. திருச்சி 10.77 வடக்கு, 78.71 கிழக்கு. ஒரு பாகை அகலாங்கு என்பது ஏறத்தாழ 111 கிலோமீற்றர். நமது பக்கத்தில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 109. அப்படியென்றால் வடக்கே 109 கிலோமீற்றர், மேற்கே 148. பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் நேர்கோட்டுத் தூரம் 184 கிலோமீற்றர். தரம் 10 பிள்ளை செய்யும் கணக்கு.

அங்கே ஓடும் ஏ.டி.ஆர். ரக விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 22 நிமிடம். தம்பி கேள்விப்பட்டது பிழையில்லை. ஆனால் டிக்கட்டில் ஒரு மணி நேரமளவு இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது, கதவடிக்கு வந்து நிற்பது எல்லாம் அதற்குள் அடங்கும்.

இதே முறையில் கட்டுநாயக்க – திருச்சி 418 கிலோமீற்றர். இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் அது வேகம் கூடிய ஜெட் விமானம் என்பதால் அந்தப் பயணமும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று முன்பின்தான்.

ஆக, ஆகாயத்தில் பெரிய இலாபம் இல்லை. மீதி தரையில்தான். மட்டக்களப்பிலிருந்து நேர்கோட்டில் பலாலி 291 கிலோமீற்றர், கட்டுநாயக்க 207. வீதி வளைந்து போகும்போது இரண்டும் இன்னும் கூடும். மொத்தத் தூரத்தைக் கூட்டினால் பலாலி வழி 475, கட்டுநாயக்க வழி 625. தூரத்தில் வெல்வது பலாலி. ஆனால் அந்த உம்மா வாகனத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் வெல்வது கட்டுநாயக்க. தம்பி அந்த வழியையே தெரிவு செய்தார். கிளிநொச்சியில் இருப்பவருக்கு விடை மாறும். அவர் பலாலிக்கே போகலாம்.

டிக்கட் போடுமுன் நான்கையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்: வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரம், பறப்பு, இறங்கியபின் ஆஸ்பத்திரி வரையான பயணம். விலையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. இந்தியாவுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் உம்ராவுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: ஜித்தா நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். டிக்கட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்தால், போகும்போது பயணம் குறைவாகவும் வரும்போது கூடுதலாகவும் தெரியும். மருந்து நேரத்துக்கு எடுக்கும் வயசாளிகளை அழைத்துப் போகும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கொப்பியை அவரிடமே கொடுங்கள்.