கடைசிச் சொட்டு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள குந்தாரப்பள்ளி, வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையால் பெயர் பெற்ற ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஆடு மாடுகளுக்குப் பேரம் பேசும் இடம் அது. நாம் சிறுவராயிருந்த நாளில் அச்சந்தையின் ஓரத்தில் எம் தந்தையார் எண்ணெய்க் கடை விரிப்பார். விடியலில் தொடங்கும் வணிகத்தை ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடித்துக்கொள்வார்.

வாங்க வருவோர் குப்பியின் கழுத்தில் கயிறு கட்டித் தூக்கி வருவர். அதன் வாயில் புனலை வைத்து, அளவைக் குவளையால் எண்ணெயை முகந்து ஊற்றுவது எம் பணி. கூட்டம் மிகுந்துவிட்டால், கவிழ்த்த குவளையை மறுகணமே எடுத்துவிடுவோம். விளிம்பில் தொங்கிய சொட்டுகள் கடை டின்னுக்குள்ளேயே விழும். ஒருநாள் தந்தையார் எம் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவசரப்படாதே தம்பி. ஒட்டியிருக்கிற சொட்டுக்கும் அவங்க காசு குடுத்திருக்காங்க" என்றார். அன்று முதல் குவளையைக் கவிழ்த்துப் பத்து எண்ணலானோம். மார்கழிக் குளிரில் எண்ணெய் மெல்ல இறங்கும், அப்போது இருபது.

அண்மையில், அதே நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதியில், தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பும் ஆலையொன்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. நிரப்புதல், மூடியிடுதல், சீட்டு ஒட்டுதல், கட்டுதல் அனைத்தும் இயந்திரத்தின் வேலை. நிமிடத்திற்கு 120 பாட்டில். அதாவது நொடிக்கு இரண்டு. எட்டு மணி நேரத்திற்கு 28,800 நொடிகள். எனவே 57,600 பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லி குறைந்தால் வாங்குவோர் எவரும் அறியார். ஆனால் ஆலைக்கு ஒரே நாளில் 288 லிட்டர் மிஞ்சும்! இதனை எண்ணித்தான் போலும், பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், ஒரு லிட்டர் பாட்டிலில் 15 மில்லி வரை பிழையைப் பொறுத்துக்கொண்டாலும், மொத்தச் சரக்கின் சராசரி குறிப்பிட்ட அளவிற்குக் குறையலாகாது என்கின்றன.

நொடி என்பதும் நமக்குப் புதிதன்று. கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் கொண்டே தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு வகுத்தார். முகத்தல் அளவைப் பெயர்களுக்கும் நிறுத்தல் அளவைப் பெயர்களுக்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று எண்ணிச் சொன்னவரும் அவரே. இன்று அந்த நொடியை நம் ஓசூரிலேயே கைக்கடிகாரமாகச் செய்கிறார்கள். 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்குள்ளது. குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலத்தைக் கணக்கிடுகிறது. காலத்தை இத்துணை நுட்பமாக அளக்கக் கற்றுவிட்டோம். கொடுக்க வேண்டிய காலத்தைக் கொடுக்கின்றோமா என்பதே கேள்வி.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்திற்கு 'அல் முதஃப்பிஃபீன்' என்று பெயர். அளவில் குறைப்போர் என்பது பொருள். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்போருக்குக் கேடு என்று அது தொடங்குகிறது. அப்பெயரோடு உறவுடைய 'தஃபீஃப்' என்னும் அரபுச் சொல் அற்பமான சிறு அளவைக் குறிக்கும். பெருங்கொள்ளையை அன்று, கண்ணுக்குத் தெரியாத சிறு குறைப்பைத்தான் அவ்வத்தியாயம் பெயரிட்டுக் கண்டிக்கிறது. இதனை வணிகருக்குச் சொன்னதாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் ஒரு மாணவி. தேநீர் முடித்து ஐந்து நிமிடம் பிந்தி வகுப்பிற்குள் நுழைவதும், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் நூலை மூடுவதும் எம் வழக்கமாகியிருந்தன. ஒருநாள் அவ்வாறு மூடியபோது, இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வரும் அப்பெண் எழுந்து, "ஐயா, மணி இன்னும் அடிக்கவில்லையே?" என்றார். குரலில் குறும்பு இல்லை. ஐயம் கேட்கக் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். நமக்கு விடை வரவில்லை.

அன்று மாலை கணக்கிட்டுப் பார்த்தோம். அறுபது மாணவர், தலைக்குப் பத்து நிமிடம்: ஒரே வகுப்பில் பத்து மணி நேரம். ஊதியத்தை மட்டும் ஒரு காசு குறையாமல் எண்ணி வாங்கியிருக்கிறோம். எண்ணெய்ச் சொட்டுக்குக் காத்திருக்கக் கற்றுத்தந்த தந்தையாரின் பிள்ளை, கரும்பலகை முன்னின்று குவளையை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

இப்போதெல்லாம் பாடம் முடிந்து நூலை மூடிய பின்னும் நின்ற இடத்திலேயே நின்று, மனத்திற்குள் பத்து எண்ணுகிறோம். பல நாள்களில் எவரும் எதுவும் கேட்பதில்லை. சில நாள்களில், ஏழோ எட்டோ எண்ணும்போது, கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல உயர்கிறது.