ஷமாமா

ஷமாமா அத்தரைப் பூசிய முதல் கால்மணி நேரம் சமையலறைதான் நினைவுக்கு வரும். கராம்பு, ஏலம், சாதிக்காய், வசவாசி எல்லாம் கூடி மூக்கில் ஏறும். கலியாண வீட்டில் சஹனைத் திறந்தது போலிருக்கிறது என்று என் தங்கை சிரிப்பாள். பிறகு அந்தக் காரம் மெல்ல அடங்கும். அஸர் நேரத்தில் மணிக்கட்டை முகர்ந்தால், குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளையின் கழுத்து வாசம் போல மிருதுவான ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். காலையில் தொட்ட அதே துளிதான்.

இந்த அத்தருக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ். வாசனைத் திரவியங்களையும் மூலிகைகளையும் செம்புப் பானையில் நீரிட்டுக் காய்ச்சி, மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியைச் சந்தன எண்ணெய் வைத்த பாத்திரத்துக்குள் இறக்குகிறார்கள். கோரைக்கிழங்கு, சடாமாஞ்சில், கல்பாசி என்று ஒன்றன்பின் ஒன்றாக அதே எண்ணெயில் பல நாட்கள் சேர்கின்றன. மதுசாரம் கலப்பதில்லை. அதனால் தொழுகைக்குப் போகிறவருக்கும் மனச்சங்கடம் இல்லை. சந்தனம் விலையேறிய பின் மலிவான எண்ணெயில் செய்வதும் வந்துவிட்டது. அது காரமாகத் தொடங்கி, காரமாகவே காணாமல் போய்விடும். பவுடர் வாசம் வராது.

காரமும் பவுடரும் ஒரே துளியில் இருப்பது வியப்புக்குரியதல்ல. கராம்பிலும் கறுவா இலையிலும் உள்ள யூஜினோல் என்ற பொருளிலிருந்துதான் ஒரு காலத்தில் வனிலா வாசனையைச் செயற்கையாகச் செய்தார்கள். கறுவாவுக்காகவே அந்நியர் வந்து சண்டையிட்ட நாடு இது. கொழும்பு ஏழுக்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் பெயர்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நான் பல வருடங்களாக வேலைக்குப் போய் வருகிறேன். காலி வீதியில் பஸ் ஏறும்போது பூக்கடை மல்லிகையும் கடலின் உப்புக் காற்றும் கலந்து வரும். புறக்கோட்டையில் இறங்கி கெபோஸ் லேன் பக்கம் போனால் நாட்டுமருந்துக் கடைகளின் நெடி. செட்டியார் தெருக் கோயில்களில் சாம்பிராணியும் கற்பூரமும். அதைத் தாண்டினால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் மெழுகுதிரிப் புகை. செவ்வாய்க்கிழமைகளில் அது தெரு வரைக்கும் வரும். கோயிலுக்கு வாங்கும் சாம்பிராணியும், தேவாலயத்துக்கு வாங்கும் சாம்பிராணியும், எங்கள் மௌலூது மஜ்லிஸில் புகைக்கும் சாம்பிராணியும் ஒரே கடைச் சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுக்கப்பட்டவைதான். ஆனால் அத்தர் என் சட்டையில் இருந்தால் மட்டும் அதற்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. தொப்பி போடாத நாளிலும் தாடி வைக்காத முகத்திலும், நான் யாரென்பதை எனக்கு முன்பே அது சொல்லிவிடுகிறது.

அதை ஒரு பாரமாக நான் நினைத்ததில்லை. என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்க நண்பர் வெள்ளிக்கிழமைகளில் தானாகவே மணிக்கட்டை நீட்டுவார். "என்ன மச்சான், எனக்கு இல்லையா?" என்பார். நறுமணத்தைக் கொடுத்தால் மறுக்கக் கூடாது என்பது எங்கள் நபிவழி. அதை எனக்கு முன்பே அவர் பின்பற்றிக்கொண்டிருந்தார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் உட்பட தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நண்பரின் ஒழுங்கையிலேயே மரண வீடுகள். சில நாட்கள் கழித்து நான் வேலைக்குப் புறப்பட்டபோது உம்மா சொன்னா: "மகன், இண்டைக்கு அத்தர் பூசாமப் போங்க." வாசலில் நின்று என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினா. பழைய சட்டையில் மிஞ்சியிருந்த பவுடர் வாசம் பஸ்ஸில் என்னோடு வந்தது. பக்கத்திலிருந்த பெண்மணி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினா. அவவுடைய பயம் பொய்யில்லை. என்னுடைய பயமும் பொய்யில்லை. இரண்டு பயங்களும் புறக்கோட்டை வரை ஒரே இருக்கையில் பயணம் செய்தன.

நண்பர் பல மாதங்கள் கையை நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே மணிக்கட்டை நீட்டினார். நானும் ஒன்றும் பேசாமல் பூசிவிட்டேன்.

அடுத்த வருடம் கொவிட் வந்தது. 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்தவர்களை எரிக்க வேண்டுமென்று வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. எங்கள் மையித்துகளுக்குக் குளிப்பாட்டலும் இல்லை, கற்பூரமும் இல்லை, அத்தரும் இல்லை. பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவும் எரிக்கப்பட்டது. டிசம்பரில் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

ஹஜ்ஜுக்குப் போனபோது உம்மா ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்த கபன் சீலை அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. அதோடு ஒரு சிறு குப்பி ஷமாமாவும், கற்பூரப் பொட்டலம் ஒன்றும். அந்தப் பத்து மாதங்களில் ஒரு நாள் இரவு உம்மா அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எனக்குக் கிடைக்குமா மகன்?" என்று கேட்டா. மௌத்தைப் பற்றி உம்மாவுக்கு ஒருபோதும் பயம் இருந்ததில்லை. வாசமில்லாமல் போவதுதான் உம்மாவைக் கலங்க வைத்தது. என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போதும் றமழானுக்கு முன் உம்மா அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பா. அத்தர் குறைந்திருந்தால் சிவப்புப் பள்ளிப் பக்கத்துக் கடையில் வாங்கி வரச் சொல்வா. நல்ல எண்ணெயில் செய்ததா என்று முதலில் எனது மணிக்கட்டில் தடவி, அஸர் வரைக்கும் பொறுத்திருந்து முகர்ந்து பார்ப்பா. காரம் போய்ப் பவுடர் வந்துவிட்டால், "இது சரி" என்று மூடி வைப்பா.